பழைய கார் விலை: சரிவும் தருணமும்

2025 செப்டம்பர் 22ஆம் தேதி கார்களின் மீதான சரக்கு, சேவை வரி குறைக்கப்பட்டது. புதிய கார் வாங்கக் காத்திருந்தவர்களுக்கு அது லாபம். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு பழைய கார் வாங்கியவர்களுக்கு, வண்டியை ஒரு கிலோ மீட்டர்கூட ஓட்டாமலே நஷ்டம் ஏற்பட்டது. பழைய காரின் விலை எஞ்சின் தேய்வதால் மட்டும் குறைவதில்லை. வரியும் சட்டமும் காலண்டரும்கூட அதைக் குறைக்கின்றன. சேமிப்பையும் கடனையும் சேர்த்துக் கார் வாங்க நினைக்கும் மாதச் சம்பளக்காரர்கள் இதைக் கவனிப்பது அவசியம்.

1,200 சி.சி.க்கு மேற்படாத, 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு முன்பு 28 சதவிகித வரியும் 1 சதவிகிதக் கூடுதல் தீர்வையும் இருந்தன. இப்போது வரி 18 சதவிகிதம் மட்டுமே. வரிக்கு முன் 5 லட்ச ரூபாய் விலையுள்ள கார் முன்பு 6.45 லட்சத்துக்கு விற்றது, இப்போது 5.90 லட்சம். புதிய காரே 55,000 ரூபாய் மலிந்துவிட்டபோது, ஓராண்டு ஓடிய அதே காருக்குப் பழைய விலையை எவரும் கொடுக்க மாட்டார். பெரிய கார்களுக்கும் இதே கதிதான். 50 சதவிகிதம் வரை இருந்த மொத்த வரி 40 சதவிகிதமாகியது. ஆதலால் வரி மாற்றத்துக்கு முந்திய விலையை ஆதாரமாகக் காட்டி ஒருவர் பேரம் பேசினால் அதை ஏற்கக் கூடாது. அதே மாடலின் இன்றைய புதிய விலை என்ன என்பதிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

தேய்மானக் கணக்கு

காரின் வயதுக்கு ஏற்ப அதன் மதிப்பைக் கழிக்க இன்சூரன்ஸ் துறையில் ஓர் அட்டவணை உண்டு. முதல் 6 மாதத்துக்குள் 5 சதவிகிதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 சதவிகிதம் எனக் கழிக்கப்படும். அதன் பிறகு கம்பெனியும் உரிமையாளரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். 10 லட்ச ரூபாய்க் கார் ஐந்தாம் ஆண்டில் 5 லட்சமாகிவிடுகிறது.

இது சந்தை விலை அல்ல. வண்டி திருட்டுப் போனால் கிடைக்கக்கூடிய தொகைக்கான அளவு மட்டுமே. அதிகம் விற்பனையாகும் சிறிய கார்கள் இந்த அட்டவணையைவிட நல்ல விலைக்குப் போவது உண்டு. பெரிய கார்கள் இதற்கும் கீழே இறங்குவதும் உண்டு. எனினும், விற்பவரிடம் பாலிசியைக் கேட்டு வாங்கி, அதில் குறித்துள்ள மதிப்பைப் பார்ப்பது நல்லது. கேட்கும் விலை அதைவிட மிகக் கூடுதலாக இருந்தால் காரணம் கேட்க உரிமை உண்டு.

மலிவாகத் தெரியும் ஸ்போர்ட்ஸ் கார்

பத்தாண்டு ஓடிய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் சில சமயம் புதிய நடுத்தரக் காரின் விலைக்குக் கிடைக்கிறது. இளைஞர்களுக்கு இதில் ஆசை பிறப்பது இயல்பு. அவ்வளவு விலை சரிந்ததற்குக் காரணங்கள் உள்ளன. வாங்குவோர் மிகச் சிலர். பழுது பார்க்கும் இடங்கள் பெரிய நகரங்களில் மட்டுமே. முழுதாக இறக்குமதியாகும் கார் என்றால் முதல் விலையில் பெரும்பகுதி சுங்க வரி. முதல் உரிமையாளர் கட்டிய அந்த வரியை இரண்டாமவரிடமிருந்து முழுதாக மீட்க இயலாது.

60 லட்சத்துக்கு வாங்கிய கார் 15 லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காரின் விலை கால் பங்காகிவிட்டது. ஆனால் அதன் டயர், பிரேக், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் விலை கால் பங்காகவில்லை. அவை இன்றும் 60 லட்ச ரூபாய்க் காரின் உதிரிப் பாகங்களே. 15 லட்சம் திரட்ட முடிந்தவருக்கு 60 லட்ச ரூபாய்க் காரைப் பராமரிக்கச் சக்தி உண்டா என்பதே கேள்வி. பழைய காருக்கான கடன் வட்டி, புதிய காரைவிடப் பொதுவாகக் கூடுதல் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டெல்லியிலிருந்து வரும் கார்கள்

இத்தகைய பெரிய கார்களில் பல டெல்லிப் பதிவு எண்ணுடன் தெற்கே வருகின்றன. தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளும் 15 ஆண்டுக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாதென்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் இத்தகைய வண்டிகளுக்கு டெல்லியில் எரிபொருள் மறுக்கப்பட்டு, எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாளிலேயே அது நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை கூடாதென்று கோர்ட் கூறியது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.4 தரத்துக்குக் கீழ்ப்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தாதென்று திருத்தியது. ஓராண்டுக்குள் இத்தனை மாறுதல். ஒன்பதாவது ஆண்டு டீசல் காரை அங்குள்ளவர் அவசரமாக விற்பதன் ரகசியம் இதுவே.

அந்தக் காரைப் பெங்களூருக்குக் கொண்டு வருவோர் வேறொரு செலவையும் எதிர்பார்க்க வேண்டும். வேறு மாநில வண்டி ஓரிடத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் புதிய பதிவு எண் பெற வேண்டுமென்பது மோட்டார் வாகனச் சட்டம். அப்போது கர்நாடகத்தின் ஆயுட்கால வரியையும் செலுத்த வேண்டும். வண்டியின் வயதுக்கேற்ப அது குறையும். ஆயினும் பெரிய கார்களுக்குச் சிறிய தொகையல்ல. பழைய மாநிலத்தில் கட்டிய வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு ஆட்சேபணையின்மைச் சான்றிதழும் பொறுமையும் தேவை. சேலத்திலோ வேலூரிலோ உறவினரின் காரை வாங்கி இங்கே கொண்டு வருவோருக்கும் இது பொருந்தும். மாறாக, கர்நாடகத்திலேயே பதிவான காரை வாங்கினால், முதல் உரிமையாளர் கட்டிய ஆயுட்கால வரியின் பயன் வண்டியோடு சேர்ந்து வந்துவிடும்.

எப்போது வாங்கலாம்?

சந்தையில் காரின் வயது தயாரிப்பு ஆண்டைக் கொண்டே எண்ணப்படுகிறது. 2022 டிசம்பரில் தயாரான காருக்கும் 2023 ஜனவரியில் தயாரான காருக்கும் ஒரு மாதமே வித்தியாசம். விலையிலோ ஓராண்டு வித்தியாசம். நீண்ட நாள் வைத்துக்கொள்ள வாங்குவோருக்கு டிசம்பர்க் கார் லாபம். இரண்டாண்டில் விற்க நினைப்போருக்கு அந்த லாபம் நிற்காது. ஆயுத பூஜை, தீபாவளிச் சமயங்களில் பலர் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவதால், அடுத்த வாரங்களில் நிறையக் கார்கள் சந்தைக்கு வரும். அப்போது பேரத்துக்கு இடமுண்டு.

வியாபாரியிடம் வாங்கினால், 2025 ஜனவரி முதல் எல்லாப் பழைய கார்களுக்கும் 18 சதவிகித வரி உண்டு. இது முழு விலைக்கல்ல, வியாபாரியின் லாபத்துக்கு மட்டுமே. 4 லட்சத்துக்கு வாங்கி 4.60 லட்சத்துக்கு விற்றால் வரி 10,800 ரூபாய். தனி நபர் தனி நபருக்கு விற்றால் இந்த வரி இல்லை.

முதல் மூன்று ஆண்டுகளின் பெரிய சரிவைப் பிறர் ஏற்ற பிறகு வாங்குவது விவேகம். 15 ஆண்டு நெருங்கிய காரை எடுப்பது அப்படியல்ல. 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகிவிட்டது. இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையே, மூன்று முதல் ஆறு ஆண்டு ஓடிய, இதே மாநிலத்தில் பதிவான, உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும் கார்தான் சம்பளக்காரக் குடும்பத்துக்கு ஏற்றது. அட்வான்ஸ் கொடுக்கு முன் ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியுள்ளதா என்று பார்ப்பதும், வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றம் கோருவதும் தவறக் கூடாத காரியங்கள்.