கொப்பேகடுவ நல்லவர்தான், சரி. அப்புறம்?

மாத்தளையில சிங்கள நண்பர்களோட யுத்தத்தைப் பற்றிப் பேசினா, கொஞ்ச நேரத்துல டென்சில் கொப்பேகடுவ பெயர் வந்துடும். தமிழ்ச் சனத்தை மதிச்ச ஆபீசர், அவர் இருந்திருந்தா எல்லாம் வேற மாதிரி போயிருக்கும் என்பாங்க.

கண்டி டிரினிட்டியில் படித்தவர், சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி. அந்தக் காலத்துக் குதிரைப்படையின் வேலையை இன்று செய்யும் கவசப்படையின் அதிகாரி. ரண விக்ரம, ரண சூர பதக்கங்கள் பெற்றவர். 1992 ஆகஸ்ட் 8 அன்று அராலியில் கண்ணிவெடியில் இறந்தார். கொழும்பு கனத்தை மயானத்தில் நடந்த இறுதிச்சடங்கில் கூட்டம் அரசியல்வாதிகள் மேலேயே பாய்ந்தது. கொன்றது புலிகள் இல்லை, அரசாங்கம்தான் என்று நம்பியவர்கள் அவ்வளவு பேர்.

அவர் நல்லவரா கெட்டவரா என்பதில்லை என் சண்டை. நல்லவர்னே வச்சுக்குவோம். 1987 மே மாதம் வடமராட்சி நடவடிக்கையில் ஒரு பிரிவை நடத்தியவர் அவர். கோயில்களுக்குப் போய் இருங்கள் என்று சனத்துக்குச் சொல்லப்பட்டது. சனமும் போனது. அல்வாய் முத்துமாரியம்மன் கோயிலில் அப்படித் தஞ்சம் புகுந்தவர்கள் மேல் ஷெல் விழுந்தது. நம்ம ஊர் அம்மனுக்கும் அதே பேர்தான். அந்த ஆபீசர் கருணையானவர் என்று சொல்லும்போது, அந்தக் கோயிலைப் பற்றிக் கேட்க இடமே இல்லாமல் போயிடுது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அதே நடவடிக்கையில் கஜபா பட்டாலியன் ஒன்றை நடத்தியவர் கோட்டாபய ராஜபக்ச. அவரிடமும் அதே இரண்டு பதக்கங்கள் உண்டு. 1989இல் மாத்தளை மாவட்டத்தின் ராணுவ இணைப்பதிகாரி அவர். ஜேவிபி கிளர்ச்சியை அடக்கிய காலம். காணாமல் போனவர்கள் பெரும்பாலும் சிங்களப் பொடியன்கள். 2012 நவம்பரில் நம்ம ஆஸ்பத்திரி வளவைத் தோண்டியபோது 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அந்தக் காலத்து எலும்புகள்தான் என்றார் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ; அமெரிக்கப் பரிசோதனை 1950க்கு முந்தியவை என்றது. பிள்ளையைத் தொலைத்த சிங்களக் குடும்பங்கள் அந்தக் குழி வரைக்கும் வந்து பார்த்தாங்க.

அடுத்த தடவை கொப்பேகடுவ பேச்சு வந்தா மறுக்க வேணாம். அல்வாய் தெரியுமா என்று கேளுங்க. அப்படியே ஆஸ்பத்திரிக் குழியைப் பற்றி அவங்க வீட்டுல என்ன பேசிக்கிறாங்க என்றும் கேளுங்க.