சைக்கிள் கிளப்பில் அரசியல் வேண்டாமாம்!

"தொழிலாளி சைக்கிள் விடட்டும், சடுகுடு ஆடட்டும், பந்து உதைக்கட்டும். அதிலெல்லாம் ஏன் அரசியலைக் கொண்டுவந்து நுழைக்கிறீர்கள்?" என்று சில கனவான்கள் நம்மைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நாம் சரித்திரத்தைக் கொண்டே பதில் சொல்ல விரும்புகிறோம்.

இங்கிலாந்தில் கிளாரியன் சைக்கிள் கிளப் என்று ஒன்று உண்டு. 1894-ம் ஆண்டு பர்மிங்ஹாம் நகரில் சோஷலிஸ்டு வாலிபர்கள் சிலர் கூடி அதை ஆரம்பித்தார்கள். ராபர்ட் பிளாட்ச்போர்டு 1891-ல் மான்செஸ்டரில் தொடங்கிய 'கிளாரியன்' என்ற சோஷலிஸ்டு வாரப் பத்திரிகையின் பெயரையே கிளப்புக்கும் வைத்தார்கள். அந்தக் கிளப் 2021-ல் தன் சாசனத்திலிருந்து சோஷலிஸம் என்ற சொல்லை எடுத்துவிட்டது! "போனது ஒரு சொல்தானே, சைக்கிள் இருக்கிறதே" என்று ஆறுதல் சொல்வோரும் உண்டு. அந்தச் சொல்லோடு போனது என்ன என்பதைப் பார்ப்போம்.

தூரப் பயணம் போகிறவனுக்கு முதலில் வேண்டிய சாமான் எது? பம்பா? பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனா? விளக்கா? இவை எதுவுமல்ல. முதலில் வேண்டியது ஓய்வு நேரம்! வாரம் முழுவதும் விடிந்தது முதல் இருட்டும் வரை தறியடியில் நிற்கிறவனுக்குத் தங்கத்தால் சைக்கிள் செய்து கொடுத்தாலும் அதை எப்போது மிதிப்பான்? லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி செய்த பிறகே 1847-ல் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேர வேலைச் சட்டம் வந்தது. சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு அவர்களை வேலையிலிருந்து விட வேண்டும் என்று 1850-ம் ஆண்டுச் சட்டம் சொல்லிற்று. அந்த அரை நாள் விடுமுறை எந்த முதலாளியும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல, போராடி வாங்கியது. கிளப்பின் முதல் உருப்படியே போராட்டத்தில் கிடைத்ததென்றால், "இதில் அரசியல் எதற்கு?" என்ற கேள்விக்கு இடமேது?

அடுத்தது வண்டி. உயரமான முன்சக்கரம் வைத்த பழைய வண்டி, காசும் பொழுதும் உள்ள கனவான்களின் விளையாட்டுப் பொருளாக இருந்தது. 1885-ல் கோவென்ட்ரி நகரில் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவில், செயின் போட்டு ஓடும் 'ரோவர்' வண்டியைச் செய்தார். 1888-ல் டன்லப் என்ற கால்நடை வைத்தியர் பெல்பாஸ்டில் காற்றடைத்த டயரைச் செய்தார. இன்று நாம் மிதிக்கும் சைக்கிள் அந்த வழியில் வந்ததுதான். அப்போது புது வண்டி வாங்க ஒரு தொழிலாளியின் பல வாரக் கூலி வேண்டும். பணக்காரர்களுக்கு மோகம் தீர்ந்து, பழைய வண்டிகள் கைமாறி, விலையும் இறங்கிய பிறகே தொழிலாளி வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது.

அந்தச் சைக்கிளைக் கொண்டு கிளாரியன் தோழர்கள் செய்தது என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகப் புறப்படுவார்கள். சீட்டுக்குப் பின்னால் தொங்கும் பையில் ஸ்பேனரும் பஞ்சர் ஒட்டும் சாமானும் இருக்கும். அதோடு பத்திரிகைக் கட்டும் துண்டுப் பிரசுரங்களும் இருக்கும். பண்ணையார்களின் ஆட்சிக்கு உட்பட்ட கிராமங்களுக்குள் போவார்கள், பத்திரிகை விற்பார்கள், மதிலிலும் வேலிக் கதவிலும் கோஷங்களை ஒட்டுவார்கள், கூட்டம் போட்டுப் பேசுவார்கள். ஒருவரையொருவர் வழியில் கண்டால் ஒருவர் "பூட்ஸ்!" என்பார், மற்றவர் "ஸ்பர்ஸ்!" என்று பதில் கொடுப்பார். காலணி, குதிமுள் என்று பொருள்படும் வேடிக்கைச் சொற்கள்தாம். ஆனால் தெரியாத ஊரில் "நம் ஆள் இருக்கிறான்" என்ற தைரியத்தை அவை தந்தன. 1895-ல் ஈஸ்டர் விடுமுறையின்போது ஆஷ்போர்ன் என்ற ஊரில் பல நகரங்களின் கிளப்புகள் ஒன்றுகூடின. 1913-ல் அங்கத்தினர் தொகை 8,000-க்கு மேல் போயிற்று. பெண்களும் வண்டியேறினார்கள். பின்னால் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறை சென்ற சில்வியா பாங்க்ஹர்ஸ்டு, இளம் வயதில் மான்செஸ்டர் கிளாரியன் குழுவோடு சைக்கிளில் போனவர்தான்.

நகரத்து ஆலைத் தொழிலாளியும் கிராமத்துப் பண்ணைத் தொழிலாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச இந்தச் சைக்கிள் வழிசெய்தது. ஆள்வோருக்குப் பிடிக்காத காரியம் இதைவிட வேறென்ன?

அதே காலத்தில் ஜெர்மனியில் நடந்தது இதைவிடப் பெரிது. 1896-ல் தொழிலாளர் சைக்கிள் சங்கமான 'சோலிடாரிடேட்' பிறந்தது. அதன் பெயருக்கே ஒருமைப்பாடு என்றுதான் பொருள். 1920-களில் அதன் அங்கத்தினர் தொகை லட்சங்களை எட்டிற்று. விபத்து நேர்ந்தால் உதவி, கோர்ட்டுக்குப் போனால் உதவி, அங்கத்தினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி – எல்லாம் சந்தாப் பணத்திலிருந்தே. ஆபன்பாக் நகரில் 'பிரிஷ் அவுப்' என்ற பெயரில் கூட்டுறவுச் சைக்கிள் தொழிற்சாலையையும் நடத்தினார்கள். வண்டியைச் செய்வதும் தொழிலாளி, மிதிப்பதும் தொழிலாளி. இடையில் லாபம் தின்ன முதலாளி இல்லை! தேர்தல் வந்தால் இந்தச் சைக்கிள் படைதான் ஊர் ஊராகப் பிரசுரங்களைக் கொண்டுபோயிற்று.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். தொழிற்சங்கங்களை நொறுக்கிய கையோடு இந்தச் சைக்கிள் சங்கத்தையும் தடைசெய்தான். அதன் சொத்துக்களைப் பறிமுதல் செய்தான். சைக்கிளில் அரசியல் இல்லை என்று சொல்லும் கனவான்களே, பாசிஸ்டுகள் ஏன் அப்படி எண்ணவில்லை? சைக்கிள் இரும்பைக் கண்டு அவர்கள் பயப்படவில்லை. அதன்மேல் ஸ்தாபனமாகத் திரண்டு உட்கார்ந்திருந்த தொழிலாளியைக் கண்டே பயந்தார்கள். 1938-ல், ஸ்பெயின் ஜனங்கள் பாசிஸத்தை எதிர்த்து ரத்தம் சிந்திக்கொண்டிருந்தபோது, கிளாரியன் கிளப்பைச் சேர்ந்த இருவர் கிளாஸ்கோவிலிருந்து பார்சிலோனா வரை சைக்கிளிலேயே போனார்கள். ஸ்பெயினுக்கு நிதி திரட்டுவதற்காக மிதித்த தூரம் அது!

ஒரு சொல்லைச் சாசனத்தில் எழுதிவைத்தாலே போதும் என்று நாம் சொல்லவில்லை. 'கிளாரியன்' பத்திரிகையை ஆரம்பித்த பிளாட்ச்போர்டே 1914-ல் ஏகாதிபத்திய யுத்தத்தை ஆதரித்தார். வாசகர் பலர் அவரைக் கைவிட்டார்கள். ஏகாதிபத்தியம் என்பது சைக்கிளுக்குத் தூரமான விஷயமுமல்ல. அது டயரிலேயே இருந்தது. டயருக்கு ரப்பர் கேட்டது ஐரோப்பா. பெல்ஜிய அரசன் லியோபால்டின் காங்கோவில் (1885–1908) ரப்பர் கணக்குக் குறைந்ததென்று கறுப்பு மக்களின் கைகளை வெட்டினார்கள். பின்பு மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள் யார்? நம் தமிழ் நாட்டுக் கூலிகள்! ஒரு நாட்டுத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமையின் காற்றைக் கொடுத்த டயரில் வேறொரு நாட்டுத் தொழிலாளியின் வியர்வையும் ரத்தமும் இருந்தன. இந்த உண்மையைச் சொல்லித் தருவது கொள்கைதான். கொள்கையைக் கழற்றிவிட்டால் டயர் வெறும் டயராகத்தான் தெரியும்.

இன்று நம் நாட்டு நகரங்களிலும் தூரப் பயணச் சைக்கிள் கிளப்புகள் நடக்கின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணியிலும், 600 கிலோமீட்டரை 40 மணியிலும் முடிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வழியில் பஞ்சரானால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும். மனவுறுதியை வளர்க்கும் நல்ல பழக்கம். இதை நாம் பழிக்கவில்லை. ஆனால் லட்ச ரூபாய்க்குமேல் விலைபோகும் வண்டியும், அதற்கேற்ற சட்டையும் செருப்பும் இருந்தால்தான் மதிப்பு என்று சந்தை சொல்லித்தருகிறதே, அதை எதிர்க்கிறோம். மில் கேட்டுக்கு நாள்தோறும் பத்து மைல் மிதித்து வந்துபோகும் தொழிலாளியும், மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வேலை தேடி ஊர் ஊராகப் போகும் விவசாயத் தொழிலாளியும் எந்தப் பதக்கமும் வாங்காத தூரப் பயணக்காரர்கள். அவர்களுக்கு இல்லாதது பலமல்ல, ஓய்வும் ஸ்தாபனமும்தான்.

அந்த ஓய்வையும் பறிக்கப் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன; அதைத் திரும்பப் பெறுவதாக மே தினத்தன்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு இல்லாதிருந்தால், வாலிபனுக்குச் சைக்கிள் எடுக்கப் பொழுது ஏது?

தோழர்களே! நமது தொழிற்சங்கக் கிளைகளும் வாலிபர் சங்கங்களும் சைக்கிள் குழுக்களை அமைக்க வேண்டும். பெரிய முதல் தேவையில்லை. சங்கக் கட்டிடத்தில் ஒரு பம்பு, ஒரு ஸ்பேனர் செட்டு, பஞ்சர் சாமான், பொதுவில் நாலு டியூப் – இது போதும். வேலை தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பெண் தொழிலாளர்களும் வரட்டும். மாதம் ஒரு ஞாயிறு கிராமத்துக்குப் போவோம். வயல் வேலை செய்யும் தோழர்களோடு கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசுவோம். அவர்கள் சொல்வதையும் கேட்டு வருவோம்.

வண்டி பழசாக இருந்தால் ஓவராயில் செய்துகொள்ளலாம். டயர் தேய்ந்தால் மாற்றலாம். போகிற ஊரை மறந்துவிட்டால் எவ்வளவு வேகமாக மிதித்தும் பயனில்லை!