ஸ்ட்ராங்கா ஒரு ‘டி’!

பி.காம். முடித்த கையோடு, 2010-ல் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை. இரவல் டை, அயர்ன் பண்ணின சட்டை, பாக்கெட்டில் அம்மா வைத்த விபூதிப் பொட்டலம்.

எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர், “இந்த வேலைக்கு ஏன் வர்றீங்க?” என்று இங்கிலீஷில் கேட்டார். ராத்திரி பூரா கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த டயலாக்கை எடுத்து விட்டேன்.

“சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங்!”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அதை நாங்கதான் சொல்லணும் தம்பி” என்றார் நடு ஆள், தமிழில். அவர் தமிழுக்கு மாறின விநாடியே வேலை போச்சு என்று தெரிந்துவிட்டது. எங்கே சறுக்கினேன் என்பதுதான் தெரியவில்லை.

எங்கள் தெரு டீக்கடையில் தினமும் சாயங்காலம் ஒரு ரிடையர்டு இங்கிலீஷ் வாத்தியார் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். பாதி பஜ்ஜியோடு சிரித்தார்.

“நேத்து ஒரு படத்துக்குப் போனியே, எப்படி இருந்தது?”

“செம போர் அடிச்சுது சார்.”

“அடிச்சது யாரு?”

“படம்.”

“அடி வாங்கினது?”

“நான்தான்.”

“அவ்வளவுதாண்டா விஷயம்! அடிக்கிறவனுக்கு ஐ.என்.ஜி., அடி வாங்கினவனுக்கு ஈ.டி. படம் போரிங், நீ போர்டு. வேலை இன்ட்ரஸ்டிங், நீ இன்ட்ரஸ்டட். நீ என்னடான்னா, ‘நான் ரொம்ப சுவாரஸ்யமான ஆளு’ன்னு உனக்கு நீயே மாலை போட்டுக்கிட்டு வந்திருக்கே!”

“ஐ ஆம் போர்டுன்னா, என்னைக் கரும்பலகைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா சார்?”

“காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உன் மூஞ்சியைப் பார்த்துப் புரிஞ்சுப்பான்” என்றார்.

ஸ்கூலில் ‘கோ, வென்ட், கான்’ என்று ராகம் போட்டு ஒப்பித்தோமே, அதில் மூன்றாவதாக வருகிற ஆசாமிதான் பாஸ்ட் பார்ட்டிசிபிள். வினைச்சொல் வம்சத்தில் பிறந்தவர், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அடைமொழி வேலையும் பார்ப்பார். ப்ரோக்கன் சேர், ஸ்டோலன் பைக், ரிட்டன் எக்ஸாம், ஃப்ரைடு ரைஸ். நாற்காலி உடைக்கப்பட்டது, பைக் திருடப்பட்டது, எக்ஸாம் எழுதப்பட்டது. எல்லாமே வாங்கிக் கட்டிக்கொண்ட கோஷ்டி!

நாம் ஏன் இதில் உதை வாங்குகிறோம்? தமிழ் நமக்குக் கொடுத்திருக்கிற செல்லம் அப்படி. நம் பெயரெச்சம் யாரோடும் ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்ட பையன், சாப்பிட்ட தட்டு, சாப்பிட்ட ஓட்டல், சாப்பிட்ட நாள், சாப்பிட்ட இட்லி என்று ஒரே ‘சாப்பிட்ட’ எல்லாருக்கும் பரிமாறும். செய்கிறவன், கருவி, இடம், செயல், காலம், செய்யப்படுகிற பொருள் என்று ஆறு பேரையும் அது கொள்ளும் என நன்னூலே வரிசை போட்டு வைத்திருக்கிறது. இந்த தைரியத்தில் இங்கிலீஷில் ‘ஈட்டன் பாய்’ என்று சொல்லிப் பாருங்கள். பையன் இட்லி சாப்பிட்டான் என்று ஆகாது. பையனைப் புலி சாப்பிட்டுவிட்டது என்று ஆகிவிடும்!

இதில் எனக்கு மகா வெட்கம் எதில் தெரியுமா? மூன்று வருஷம் நான் உருப்போட்டதே இந்தச் சமாசாரத்தைத்தான். ஆதரைஸ்டு கேப்பிடல், இஷ்யூடு கேப்பிடல், சப்ஸ்கிரைப்டு கேப்பிடல், கால்டு-அப், பெய்டு-அப்... எல்லாமே பாஸ்ட் பார்ட்டிசிபிள் போட்ட அடைமொழிகள்! ப்ரீபெய்டு எக்ஸ்பென்சஸ் என்றால் முன்கூட்டியே கொடுத்து முடித்த செலவு, அதனால் ஈ.டி. அவுட்ஸ்டாண்டிங் எக்ஸ்பென்சஸ் என்றால் கொடுபடாமல் இன்னும் நின்றுகொண்டே இருக்கிற செலவு, அதனால் ஐ.என்.ஜி. பேலன்ஸ் ஷீட்டில் ஒன்றை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் கரெக்டாகப் போட்டவன், வாயில் மாற்றிப் போட்டுவிட்டேன்.

ஆபீஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘கன்சர்ன்ட் ஆபீசர்’ என்று நாம் தாராளமாக எழுதுகிறோம். பிரிட்டிஷ் வழக்கப்படி, சம்பந்தப்பட்ட அதிகாரி என்றால் ‘ஆபீசர் கன்சர்ன்ட்’ என்று பின்னால் போட வேண்டும். முன்னால் போட்டால் கவலைப்படுகிற அதிகாரி என்று அர்த்தம். நம் ஃபைலைப் பார்த்துக் கவலைப்படுகிற அதிகாரி எந்த ஸீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கும்பிடுகிறேன்.

வாத்தியாரிடம் மடக்குவதற்கு ஒரு கேள்வி வைத்திருந்தேன். “சார், நீங்க ரிடையர்டு. உங்களை அடிச்சது யாரு?”

“கெட்டிக்காரன்! விழுந்த இலை ஃபாலன் லீஃப், தப்பிச்ச கைதி எஸ்கேப்ட் ப்ரிசனர். இதெல்லாம் யாரும் அடிக்காம, தானே நடந்து முடிஞ்சது. இந்த மாதிரி சிலதுக்கும் அந்த மூணாவது ஆளு வருவான். அது சரி, இப்ப நீ தின்கிற ஐஸ்க்ரீமே ஆதியில ‘ஐஸ்டு க்ரீம்’தான். வெள்ளைக்காரன் ‘டி’யை முழுங்கிட்டான்.”

அவன் முழுங்கினால் சரித்திரம். நான் முழுங்கினால் வேலை போச்சு! இதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் ஆத்திரம் உண்டு. டிரையல் பேலன்ஸ் டேலி பண்ணத் தெரியுமா என்று அந்த மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

இரண்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனி. அதே கேள்வி. நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஐ ஆம் இன்ட்ரஸ்டட் சார்” என்றேன். கடைசி ‘டி’ பக்கத்து ரூமுக்கே கேட்டிருக்கும். “இன்ட்ரஸ்ட் எத்தனை பர்சென்ட்?” என்று சிரித்தார் மேனேஜர். “காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட் சார், வருஷா வருஷம் ஏறும்!” என்றேன்.

சாயங்காலம் டீக்கடைக்கு ஓடினேன்.

“என்னடா ஆச்சு?”

“செலக்டட் சார்!”

“கடைசி எழுத்து என்ன சொன்னே?”

“டி சார்.”

வாத்தியார் மாஸ்டர் பக்கம் திரும்பினார். “தம்பி கணக்குல ரெண்டு டீ. ஸ்ட்ராங்கா!”