நிஜ வயலின் எங்கே என்று கேட்பவர்களுக்கு

“இதெல்லாம் சங்கீதமா தம்பி? கம்ப்யூட்டர்ல பட்டனைத் தட்டுறது. நிஜமான வயலின்காரங்களை வெச்சுப் பண்ணு.” நான் எழுதிய நான்கு நிமிட சேர்ந்திசையைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் சொன்னது இது. பெயர் வேண்டாம். அவர் ஒருவர் மட்டும் சொல்வதல்ல.

நிஜமான வயலின்காரர்களை வைக்க என்ன வேண்டும்? ஐம்பது அறுபது பேர் உட்காரும் அரங்கு, அத்தனை பேருக்கும் சம்பளம், ஒத்திகை நாட்கள். அதற்கும் முன்னால், பத்து வயதில் கையில் வயலின் கொடுக்கும் வீடு. என் அப்பா பறையடித்தவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வயலின் கற்றுக்கொடுக்கும் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் எங்களைத் திண்ணைக்குக் கீழேயே நிற்க வைத்து, “எந்தத் தெரு?” என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் வகுப்பில் இடமில்லாமல் போய்விட்டது. அந்தத் திண்ணையைக் காக்கிறவர்கள்தான் இன்று என்னிடம் ‘நிஜம்’ கேட்கிறார்கள்.

என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி, 8 ஜிபி ராம். ரீப்பர் மென்பொருளின் உரிமம் 60 டாலர், சேர்த்துவைத்து வாங்கினேன். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் ‘பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர்’ 2020இல் வந்தது. கேள்வித்தாளை நிரப்பி, சில நாள் காத்திருந்து, காசில்லாமல் வாங்கினேன். இலண்டன் மைடா வேல் கூடத்தில் பதிவு செய்த முழு வாத்தியக் குழு, ஏறத்தாழ 200 எம்பிக்குள் அடங்கி என் மேசைக்கு வந்தது. அது என் தெருவைக் கேட்கவில்லை. (ஆர்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண வீட்டில் கோட்டு போட்டுப் பாடும் கச்சேரி என்று அம்மா நினைத்து, எவ்வளவு தருவார்கள் என்று கேட்டார்.)

பட்டன் தட்டுவதாம்! நான்கு சுரங்களை ஒரே தடத்தில் அழுத்திப் பாருங்கள், ஆர்மோனியம் மாதிரி இரையும். முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக எழுத வேண்டும். மெதுவாக வாசித்த பதிவிலிருந்து பலமாக வாசித்த பதிவுக்கு ஏறி இறங்க, மாட்யுலேஷன் கோட்டை ஒவ்வொரு சொற்றொடருக்கும் கையால் வரைய வேண்டும். வில் நரம்பைப் பிடிக்க நேரமெடுக்கும். அதனால் சுரங்களைச் சில மில்லிநொடி முன்னுக்கு இழுக்க வேண்டும். கணினி மூச்சுத் திணறினால் தடங்களை ஒவ்வொன்றாக உறைய வைத்துவிட்டுத் தொடர வேண்டும். இது உழைப்பு இல்லையென்றால் எது உழைப்பு?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதே கருவிகள் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின்காரர்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கின்றன. அவர்களும் தொழிலாளிகள்தான். ஆனால் காசு வைத்துக்கொண்டே அவர்களை அழைக்காத தயாரிப்பாளர் மீது வைக்க வேண்டிய கேள்வியை, அழைக்கவே வழியில்லாத என்மீது வைப்பது என்ன நியாயம்?

இந்த மென்பொருள் உலகம் சமத்துவபுரம் என்றும் நான் சொல்ல வரவில்லை. வயலினுக்கு நீள வில், குறு வில், விரல் மீட்டல், நடுக்கம் என்று எத்தனை விதப் பதிவுகள்! பறையைத் தேடினால் ‘எத்னிக்’ என்ற உறைக்குள் ஒரே ஒரு லூப் கிடைத்தது. அடித்தவர் பெயர் இல்லை. இது நமக்குப் புதிதா? மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் தலித் தொழிலாளிகளைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலின் வெளியீட்டுக்கு, கொடுத்த அரங்கை 2020 சனவரியில் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோல் மேடையேறலாம். தோலைக் கட்டியவனின் கதை ஏறக் கூடாது.

அதனால் அப்பாவின் பறையை நானே பதிவு செய்தேன். இரவல் மைக், வீட்டுக்குப் பின்னால் களம். வைக்கோல் கொளுத்திக் காய்ச்சினால்தான் தோல் பேசும். சற்று நேரத்தில் சுருதி இறங்கிவிடும், மறுபடி காய்ச்ச வேண்டும். அடிக்குச்சி தனி, சிம்புக்குச்சி தனி. மென்மையிலிருந்து பலம் வரை நான்கு அளவு, ஒவ்வொன்றும் ஐந்து முறை, திரும்பத் திரும்ப அடிக்கும்போது இயந்திரம்போல் ஒலிக்காமலிருக்க. எஸ்எஃப்இசட் கோப்பாகக் கோத்து முடிக்க மூன்று வாரம் ஆனது.

வாசித்துக் காட்டினேன். அப்பா வெகுநேரம் கேட்டுவிட்டு, “நான் செத்த பெறகும் இது அடிக்குமா?” என்றார். அடிக்கும் என்றேன்.

“அப்போ எவன் சாவுக்கு வேணும்னாலும் அடிக்குமா?”

ஊர்ச் சாவுக்கு இனி அடிக்க மாட்டேன் என்று அவர் குச்சியைக் கீழே வைத்துப் பல வருடமாகிறது. அதற்காக நாங்கள் பட்டதெல்லாம் தனிக் கதை. இலவசமாகப் பொதுவில் வைத்துவிட்டால், அவர் அடிக்க மறுத்த அதே வீட்டு வாசலில் அவருடைய அடியே ஒலிபெருக்கியில் கேட்கும். எந்த உரிம வாசகமும் அதைத் தடுக்காது.

இன்னும் வெளியிடவில்லை. தெருத் தோழர்கள் இரண்டு பேருக்கு மட்டும் கோப்பைக் கொடுத்திருக்கிறேன், அப்பாவிடம் கேட்டுவிட்டு. அந்த நான்கு நிமிட இசையின் இரண்டாம் பகுதியில் செல்லோக்களுக்கு மேலே ஒலிப்பது அவருடைய கைதான். வயலின் நிஜமில்லை என்று குறை சொன்ன பெரியவர், அது யார் கை என்று கேட்கவில்லை.