டப்பாவில் ஒன்று, வாயில் ஒன்று

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி, பூந்தமல்லி பக்கமும் ரிஷி காளான் மாத்திரையைக் கடைக்காரர் விற்பதைவிடக் கூட வேலை பார்ப்பவரும் ஒன்றுவிட்ட அண்ணியும் விற்பதே அதிகம். "குடல் புண் ஆறிடும் தம்பி, மூணு மாசத்துல இங்கிலீஷ் மருந்தையே விட்டுடலாம்." டப்பாவைத் திருப்பினால், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருப்பது வேறு: மருந்தாகப் பயன்படுத்த அல்ல. 2016-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அச்சிடச் சொன்ன வாசகம் அது. டப்பா உண்மை சொல்கிறது, விற்பவர் பொய் சொல்கிறார். நோயாளியிடம் சொல்லும் இந்தப் பொய் குற்றம்.

காளான்மீது நமக்குப் பகை இல்லை. அதிலுள்ள பீட்டா குளுக்கான் ஆய்வுக்கூட எலிகளின் குடல் அழற்சியைத் தணித்திருக்கிறது. நார்வேயில் மூன்று வகைக் காளான் சாற்றைப் பெருங்குடல் புண் நோயாளிகளிடம் சோதித்து 2016-ல் முடிவு வெளியிட்டார்கள். அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. ஆனால் சோதனையில் இருந்ததே 50 பேர், அதுவும் 21 நாள். இதை நம்பி, அந்த நோய்க்குத் தரும் மெசலமின் மாத்திரையை நிறுத்தச் சொல்ல எந்த டாக்டரும் துணியமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடக்கும் விற்பனைக் கூட்டத்தில் டை கட்டிப் பேசுபவர் துணிகிறார். பக்க விளைவே கிடையாது என்றும் சொல்கிறார். தாய்லாந்தில் ரிஷி பொடி சாப்பிட்ட ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததை அந்நாட்டு மருத்துவ இதழ் 2007-லேயே பதிவுசெய்திருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குடல் காசநோயும் கிரோன் என்ற குடல் அழற்சி நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: வயிற்றுவலி, பேதி, எடை இழப்பு. கொலனோஸ்கோபி செய்து சதை எடுத்துப் பார்த்த பிறகும் நிபுணர்களே தடுமாறுவதுண்டு. காசநோய்க்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது. அதைத் தொடங்க வேண்டிய மாதங்களைக் காளான் பொடியில் கழித்தவருக்குக் குடல் அடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை வரை போகலாம்.

தெருவில் விற்பவர்களில் பலர் தாங்களே நம்பி ஏமாந்தவர்கள். அவர்களைப் பிடித்து என்ன பயன்? இந்தச் சங்கிலி விற்பனையில் கமிஷன் போய்ச் சேரும் மேல்படியைப் பிடிக்க வேண்டும். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு. சென்னை, திருவள்ளூர் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்த மண்டபக் கூட்டங்களில் ஒருநாள் உட்கார்ந்து கேட்கட்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ பிடித்தம் உண்டு. மலத்தில் ரத்தம் போனால் அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போங்கள். சாப்பிடும் மாத்திரையை நிறுத்தலாமா என்பதை அண்ணியிடம் கேட்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.