குப்பை என்று எதனைச் சொல்கிறீர்கள்?

உலாவியைப் புதுப்பித்ததும் பழைய கோப்புகளை ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிட வேண்டும் என்று உபதேசிப்போர் பெருகிவிட்டனர். மட்டக்களப்பு நகரிலும் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலும் கணனி திருத்தும் தம்பிமார் முதல் வேலையாகச் செய்வதும் இதுவே. இதனை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

துடைக்கத்தக்கது ஒன்றுண்டு. 'கேஷ்' எனப்படும் தற்காலிகச் சேமிப்பு. அழித்தால் நட்டமில்லை, தளத்துக்குப் போனதும் மீண்டும் வந்து சேரும். பயர்பாக்ஸின் 'புரொபைல்' கோப்புறை அப்படிப்பட்டதன்று. உங்கள் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. 2019இல் வந்த 67ஆம் பதிப்பு முதல் தனித்தனியாக நிறுவப்படும் ஒவ்வொரு பயர்பாக்ஸும் தனக்கெனத் தனிப் புரொபைல் வைத்துக்கொள்கிறது. ஆகவே வேறிடத்தில் புதிதாக நிறுவியவருக்கு எல்லாம் பறிபோனதுபோலத் தோன்றும். உண்மையில் பழைய கோப்புறை அப்படியே கிடக்கிறது. அதனைத்தான் 'மிச்சம்' என்று அழிக்கிறார்கள்!

இதனினும் பெரிய கேடு பாமினிக்கு நேர்கிறது. ஒருங்குறி பரவுமுன் ஈழத்துச் செய்தித் தளங்கள் பல பாமினி எழுத்துருவில் வெளிவந்தன. 2004 மே 31 அன்று எங்கள் ஊடகத் தோழர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டது, அவ்வாண்டு டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, 2007இல் படுவான்கரை மக்கள் இடம்பெயர்ந்தது எனப் பலவற்றை வாசகர்கள் அன்று பக்கம் பக்கமாகச் சேமித்து வைத்தனர். இன்று அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். "கெட்டுப்போன ஃபைல் ஐயா" என்கிறார் தம்பி. அடுத்த கணம் அது இல்லை.

அது கெடவேயில்லை. கணனியில் பாமினி இல்லை, அவ்வளவே. எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். சுரதாவின் மாற்றி போன்ற கருவிகளால் ஒருங்குறிக்கும் மாற்றலாம். மாற்றிய பின்னரும் மூலத்தை வைத்திருங்கள். இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழாக்கிக் குழப்பிவிடும். உலாவியை நம்பியிருக்கவும் முடியாது. பழைய குறியாக்கப் பக்கங்களை உலாவிக்குள்ளேயே மாற்றித் தந்த 'பத்மா' போன்ற பழைய பாணி நீட்சிகளுக்கு 2017 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57 கதவடைத்துவிட்டது.

அந்தத் தளங்கள் பலவும் இன்று இணையத்தில் இல்லை. சேமித்தவரின் வன்தட்டில் இருப்பதே சில பக்கங்களுக்கு எஞ்சிய ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.

தம்பிமாரே, உரியவரைக் கேளாமல் கை வைக்காதீர். முதலில் வெளிவட்டொன்றில் நகலெடுங்கள். பாமினி எழுத்துருக் கோப்பையும் கூடவே போடுங்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுகூட அது இராது.