தோணியும் தோளும்

தனிப்பயணத்தின் துணிவைப் போற்றும் நாம், அதற்கு முன் வகுக்கப்பெறும் திட்டத்தைப் போற்றுவதில்லை. கனடாவில் 1893-இல் நிறுவப்பெற்ற அல்கான்குவின் பூங்காவில், ஏரிக்கும் ஏரிக்கும் இடையே தோணியைத் தோளில் சுமந்தே கடக்க வேண்டிய நிலவழிகள் பல. வழி வகுப்போர் நீர்த்தொலைவை மட்டும் கணக்கிடுதல் தவறு. தோணியையும் மூட்டையையும் ஒருங்கே சுமக்க இயலாதவர் ஒருமுறை திரும்பி வர வேண்டும். எனவே 2 கிலோமீட்டர் வழி 6 கிலோமீட்டர் நடையாகும். ஒரு நாளின் எல்லையைத் தோள்வலியே வரையறுக்க வேண்டும்.

அந்நீர்நிலைகளை நன்கறிந்த ஓவியர் டாம் தாம்சன், 1917 சூலை 8-இல் அங்குள்ள கனூ ஏரியில் தனியே தோணி செலுத்திச் சென்றார். எட்டு நாள் கழித்தே உடல் கிடைத்தது. ஆதலின், செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துச் செல்லுதல் கோழைமையன்று. அதுவே துணிவின் முதற்படி என்பது நம் கருத்து.